மானிட்டர் மாட்ட இடமில்லாத சர்வர்

"அந்த சர்வர்ல லினக்ஸ் போட்டது நான்தான் சார். தேவசகாயம் சும்மா பக்கத்துல நின்னான்."

லிஃப்ட் கதவு மூடுவதற்குள் துறைத்தலைவர் கோதண்டபாணி தாளாளரிடம் சொன்னது, படியேறிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் ரெஜினாவின் காதில் விழுந்தது.

அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த தேவசகாயம் போன மாதம் இறந்துபோனார். லினக்ஸ் இயங்குதளம் லேசில் ஏறாத அந்த அபூர்வமான சர்வரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஓடவைத்தவர் அவர்தான். அவர் மனைவி அமலி கல்லூரியில் ஒரு வேலை கேட்டிருந்தாள். கணவர் கல்லூரிக்கு அப்படி என்ன செய்தார் என்று விசாரிக்கத்தான் தாளாளர் வந்திருந்தார். அமலி ஆய்வக வாசலில் காத்திருந்தாள்.

ரெஜினா உள்ளே, கோதண்டபாணியிடம் போனாள்.

"சார், அதே மாதிரி இன்னொரு சர்வர் வந்து கிடக்கு. எங்களுக்குப் போடத் தெரியல. நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

"காட்டுங்க, நானும் பார்க்கிறேன்" என்றார் தாளாளர்.

"மானிட்டரக் கொண்டா" என்றார் கோதண்டபாணி.

கொண்டுவந்தாள். அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு சர்வரின் பின்பக்கம் குனிந்தார். முன்பக்கம் வந்தார். மறுபடி பின்னால் போனார்.

"இத எங்கம்மா மாட்டுறது?"

"இதுல மானிட்டர் மாட்ட இடமே கிடையாது சார். வேற கம்ப்யூட்டர்லேர்ந்து கேபிள் போட்டுத்தான் ஏத்தணும். பக்கத்துல நின்னவங்களுக்கே தெரியுமே சார்."

தாளாளர் வாசலுக்குப் போனார். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ஓடவச்ச மெஷின் உள்ள இருக்கு, பாருங்க."

"வீட்டுக்கே வராம இதோடதான் இருந்தாரா?" என்று கேட்டாள் அமலி.

அவள் உள்ளே வந்து, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே நின்றாள்.