நாற்காலிக்கு அடியில் நாலு கல்

காரைக்குடிப் பக்கம் அரிசி ஆலை வயிரவன் என்று ஒருத்தர். யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழமாட்டார். சம்பந்தி வந்தபோதுகூட எழவில்லை. பெட்டி மாதிரி நாலு பக்கமும் தரைவரை அடைத்த தேக்கு நாற்காலி அது.

இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் வாங்கிவந்தார். புது வீட்டுக் கூடத்துத் தரையில் பதிக்கும்போது நாலு கல் குறைந்தது. அந்தப் பூ இப்போது யாரும் போடுவதில்லை.

"புதுக்கல் வைக்கக்கூடாது. ஒட்டுப்போட்ட இடமும் என் கண்ணுல படக்கூடாது" என்றார். கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சித்தாள் முத்துக்கருப்பி அதை எடுத்தாள். "நான் முடிக்கிறேன் ஐயா. முடிச்சுட்டா, ஊரறிய என்னைக் கொத்தனார்னு சொல்லணும்."

"பொம்பளை கொத்தனாரா? சரி, சொல்றேன். முடி, பாப்போம்!"

முடித்தாள். நாற்காலியையும் அதன் இடத்தில் போட்டுவைத்தாள்.

புதுமனை விருந்தன்று வந்தவர்கள் தரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். வயிரவன் உட்கார்ந்தபடியே கூடம் முழுக்கத் தேடினார். ஒட்டே இல்லை.

"குறைஞ்ச நாலு கல்லுக்கு எங்கடி போனே?"

"எங்கயும் போகலைங்க. அங்க வெறும் சிமெண்டுதான். அதுமேலதான் நீங்க உக்காந்திருக்கீங்க. நீங்கதான் யாருக்கும் எழுந்திரிக்க மாட்டீங்களே, யார் கண்ணுல படப்போகுது?"

"என்னது!" துள்ளி எழுந்து நாற்காலியை நகர்த்தினார். சிமெண்டுதான்.

"மச்சான் எழுந்திரிச்சுட்டாரு!" என்று மச்சினன் கைதட்ட, கூடமே கொல்லென்று சிரித்தது. வயிரவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உக்காருங்க ஐயா, சிமெண்டு தெரியுது" என்றாள் முத்துக்கருப்பி.

"இருக்கட்டும், நின்னுக்கிட்டே சொல்றேன். கொத்தனாரம்மா, சாப்பிட வாங்க."