பச்சோந்திக்குப் பந்தி

ஆற்றங்கரை மடத்தில் அன்னம் பரிமாறுகிறவர் தாண்டவராயர். குரு மெய்யம்மையைவிட வயதில் மூத்த சீடர். அவர் சாம்பார் வாளியோடு பந்திக்குள் வந்துவிட்டால் யாரும் தப்ப முடியாது.

"என் கையால சாப்பிட்டவங்க யாரும் வாடினதில்ல" என்பார். உண்மைதான். எழுந்திருக்கத்தான் சிரமப்பட்டார்கள்.

ஒரு மழைக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டியில் பச்சோந்திக் குஞ்சு ஒன்று தத்தளித்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தாண்டவராயர் தூக்கினார். அதன் ஒரு கண் அவரைப் பார்த்தது. இன்னொரு கண் அவருக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தது. அதிலேயே மனுஷன் சொக்கிப்போனார்.

"தேறுற வரைக்கும் நானே வளர்க்கிறேம்மா."

"வளர்த்துப் பாருங்க" என்றார் மெய்யம்மை.

பட்சணம் அடுக்கும் கண்ணாடிப் பெட்டி காலியானது. உள்ளே பஞ்சு மெத்தை, வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர். விறகுக்கு அடியில் பிடித்த சுவர்க்கோழிகளைக் கை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். சில பூச்சிகள் குஞ்சின் தலையைவிடப் பெரியவை. குஞ்சு எதையும் தொடவில்லை. கறுத்துப்போய் மூலையில் ஒடுங்கியது. பசியில்தான் கறுக்கிறது என்று அவர் இன்னும் ஒரு பிடி போட்டார்.

மறுநாள் காலையில் அதன் கண்கள் குழி விழுந்திருந்தன. தாண்டவராயர் பெட்டியோடு குருவிடம் ஓடினார்.

"அம்மா, செத்துடும் போல இருக்கு. நான் எதுல குறை வச்சேன்?"

மெய்யம்மை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இங்க யார் யாரைச் சாப்பிடறாங்க?"

தாண்டவராயர் அப்போதுதான் கவனித்தார். ஒரு சுவர்க்கோழி குஞ்சின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. பதறி அதைப் பிடித்து வெளியே எறிந்தார்.

"பந்தியில ஒருத்தர் போதும்னு இலையைக் கையால மறைச்சா என்ன பண்ணுவீங்க?"

"இன்னொரு கரண்டி வைப்பேன். அதுதானேம்மா மரியாதை?"

"இதுக்கு மறைக்கக் கை போதல. உடம்பையே கறுக்க வச்சுக் காட்டியிருக்கு."

தாண்டவராயர் பெட்டியில் மிச்சமிருந்த பூச்சிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே விட்டார்.

மெய்யம்மை ஒரு பூக்கூடையில் மெல்லிய கொய்யாக் குச்சிகளை இலையோடு செருகினார். குஞ்சைக் கையால் தொடாமல் ஒரு குச்சியை நீட்டினார். அது தானாகவே பற்றி ஏறியது. கூடையைக் கொசுவலையால் மூடி, இளவெயிலும் நிழலும் சேர்ந்து விழும் ஜன்னலோரம் தொங்கவிட்டு, இலைகள்மேல் தண்ணீர் தெளித்தார். குஞ்சு மெல்ல ஊர்ந்து ஓர் இலை நுனியில் இருந்த துளியில் வாயை வைத்தது.

"கிண்ணம் வெள்ளிக் கிண்ணம்மா" என்றார் தாண்டவராயர் பரிதாபமாக.

"அதுக்குத் தெரியல போலிருக்கு."

கனிந்த வாழைப்பழத் தோலில் பொடி ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் நாலைந்தை மட்டும் வலைக்குள் விட்டுவிட்டு மெய்யம்மை தள்ளிப்போய் உட்கார்ந்தார். சீடரும் உட்கார்ந்தார். கை மட்டும் சும்மா இருக்க முடியாமல் துண்டைக் கசக்கியது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, ஆளுக்கொரு பக்கம் சுற்றிக்கொண்டிருந்த அந்த இரண்டு கண்களும் ஒரே ஈயின்மேல் வந்து நின்றன. நாக்கு மின்னலாக நீண்டது, கண் சிமிட்டுவதற்குள் உள்ளே போய்விட்டது. ஈயைக் காணோம்.

"ஐயோ அம்மா! என்ன நாக்கு அது! உடம்பைவிட நீளமா இருக்கே!"

எத்தனையோ பந்தி பார்த்த மனுஷன். குஞ்சு ஓர் ஈயைச் சாப்பிட்டதற்குக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். எவ்வளவு அழகாகச் சாப்பிட்டது அது!

சாயங்காலத்துக்குள் குஞ்சின் கறுப்பு வடிந்து, இளம் வாழைக்குருத்தின் பச்சை வந்துவிட்டது. தாண்டவராயர் குருவிடம் வந்து பணிவாக நின்றார்.

"அம்மா, நாளைக்கு எத்தனை ஈ விடட்டும்?"

"என்னை ஏன் கேக்கறீங்க?" என்றார் மெய்யம்மை. "சாப்பிடறவரைக் கேளுங்க."