தன்மைப் பன்மை

பேராசிரியர் தில்லைவிடங்கன் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு உறவுத்துறைத் தலைவர். முனைவர் பட்டம் வாங்கியது தன்மைப் பன்மையில். 'நாம்', 'நாங்கள்' என்ற இரண்டு சொற்களுக்கு நானூறு பக்கம். அதற்காக அவருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர் செங்கமலம் அம்மையார். ஆசிரியரைவிட மாணவருக்கு ஆறு வயது கூடுதல்.

அன்று காலை அவர் ஆசிரியர் வீட்டுக்குள் நுழைந்தபோது முகம் தொங்கியிருந்தது. கையில் மங்கோலியாவிலிருந்து வந்த கடிதம்.

"உட்காருங்கள் விடங்கரே. யார் எழுதியது?"

"நம்மோடு ஒப்பந்தம் போட்ட பல்கலைக்கழகத்தின் பதிவாளர், ஒயுனா என்ற பெண்மணி. ஆங்கிலப் பிரதியோடு ஒரு பெருமைக்குத் தமிழ் மூலத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதை வாசிப்பதற்கென்றே தமிழ் படித்துவிட்டாராம்."

"நல்ல மனுஷி. படியுங்கள்."

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "'இரண்டு ஆண்டுகளில் தாங்கள் அனுப்பிய பதினான்கு கடிதங்களையும் அகராதி வைத்து வாசித்தேன். நாங்கள் தருவோம், நாங்கள் கற்பிப்போம், நாங்கள் வழிகாட்டுவோம் என்று இருக்கிறது. என் பாடநூலில் "நாம்" என்றும் ஒரு சொல் உண்டு. அது வழக்கொழிந்துவிட்டதா? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று எங்கள் ஆட்சிக்குழு கேட்கிறது. என்ன சொல்லட்டும்?'"

மடித்து வைத்தார். "ஆங்கிலத்தோடு நிறுத்தியிருந்தால் மாட்டியிருக்க மாட்டேன், அம்மா. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல்."

செங்கமலம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"மங்கோலியா போக ஆறு மாணவர்கள் பெட்டி கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் இன்றே போகாவிட்டால் அவர்கள் பயணம் போச்சு." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "போன கடிதத்தையே திருத்திப் பதிலாக்கிவிட்டேன். 'நாங்கள்' வந்த இடமெல்லாம் 'நாம்'. கணினியில் ஒரு நிமிட வேலை."

"வாசியுங்கள்."

"'நாம் உங்களுக்குக் கற்பிப்போம். நாம் உங்களுக்கு வழி...'"

நின்றுவிட்டார். 'நாம்' என்று சேர்த்துக்கொண்டவர்களையே 'உங்களுக்கு' என்று பிரிப்பது நானூறு பக்கம் எழுதியவருக்கு உடனே உறைத்தது. காது மடல் இரண்டும் சிவந்தன.

"மங்கோலியாக்காரர்கள் எதில் கெட்டிக்காரர்கள்?" என்றார் செங்கமலம்.

"அவர்களா?"

"அவர்கள்தான். நம் பிள்ளைகள் ஆறு பேரும் எதைக் கற்றுக்கொண்டு வரப்போகிறார்கள்?"

தில்லைவிடங்கன் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பதினான்கு கடிதங்களையும் மனதுக்குள் புரட்டினார். ஒன்றிலும் ஒரு கேள்விக்குறிகூடத் தட்டுப்படவில்லை.

"விசாரித்துச் சொல்கிறேன், அம்மா," என்றார், தரையைப் பார்த்தபடி.

"என்னிடம் எதற்குச் சொல்கிறீர்கள்? ஒயுனாவையே கேளுங்கள்."