வெள்ளை மயிலின் பழுப்புக் குஞ்சுகள்

கருவேலங்குறிச்சி ஜமீன்தார் ஒரு வெள்ளை மயிலை வாங்கிவந்து, தோட்டத்து நாட்டு மயில் பெட்டைகளோடு விட்டார். "இனி நம் தோட்டமே வெள்ளை வெளேரென்று இருக்கும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். பொரித்த குஞ்சுகளோ அத்தனையும் பழுப்பு.

மயில்களைப் பார்த்துக்கொள்ளும் ஒச்சாயியைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னார்.

"அப்பன் வெள்ளை, பிள்ளை பழுப்பா? முட்டையை மாற்றிவிட்டாய்! பொழுது சாய்வதற்குள் வெள்ளைக் குஞ்சு வராவிட்டால் நீ இந்த ஊரிலேயே இருக்கக் கூடாது."

ஒச்சாயி சுவரில் மாட்டியிருந்த பெரிய ஜமீன்தாரின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரிய எசமானுக்குப் பூனைக்கண்ணுங்களா, சாமி?"

"பின்னே? அப்பா அந்தக் கண்ணால் பார்த்தாலே ஊர் நடுங்கும்!"

"உங்களுக்குக் கருங்கண்ணா இருக்குதுங்களே?"

சபையில் யாரோ இருமினார்கள். ஜமீன்தார் மடியிலிருந்த மகளை அவசரமாகத் தூக்கிக் காட்டினார்.

"இவள் கண்ணைப் பார், அச்சு அசல் தாத்தா கண்! எனக்கு வெளியே தெரியாவிட்டால் என்ன? எனக்குள்ளே ஒளிந்திருந்து மகளுக்கு வந்திருக்கிறது!"

"சரியாச் சொன்னீங்க சாமி. இந்தக் குஞ்சுகளுக்குள்ளேயும் வெள்ளை அப்படித்தான் ஒளிஞ்சிருக்கு. வளர்ந்ததும் இதுகளையே ஜோடி சேர்த்தா, பேரக்குஞ்சுல சிலது வெள்ளையா வரும்."

தானே சொன்னதை மறுக்க முடியாமல் ஜமீன்தார் தலையை ஆட்டினார்.

குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்டன. பொரித்த அன்று ஜமீன்தார் ஓடிவந்தார். பழுப்புக் குஞ்சுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மஞ்சளாக நின்றது. வெள்ளை மயில் பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

"யார் மாற்றி..." என்று ஆரம்பித்தவர், ஒச்சாயி தம் கண்களையே பார்ப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

"மஞ்சளும் மங்கலம்தான்" என்றார்.