தாசையனின் கால்

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் கனகபாய்க்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு. ராணுவ ஆம்புலன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயதில் இளையவளை "அம்மா" என்று அழைக்க அவர் கூச்சப்படவில்லை.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தாசையன் சரிவில் வழுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கனகபாய் எலும்பை நேராக்கி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, அவனைத் தன் வைத்தியசாலையிலேயே படுக்க வைத்தாள்.

"கட்டுக்கு மேலே எண்ணெய் மட்டும் விடுங்க அண்ணே. அவிழ்க்க வேண்டாம்" என்று அருளப்பனிடம் சொல்லிவிட்டு, மகளின் பிரசவத்துக்கு நாகர்கோவில் போனாள்.

இருபத்தோராம் நாள் திரும்பி வந்து கட்டை அவிழ்த்தாள். முறிந்த இடத்தை விரலால் அழுத்தினாள். எலும்பு அசைந்தது. தாசையன் அலறினான்.

"அண்ணே, எத்தனை தடவை அவிழ்த்தீங்க?"

அருளப்பன் தலை குனிந்தார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள். இறுகியிருக்கான்னு பார்க்கத்தாம்மா."

"கால் போச்சா வைத்தியரம்மா?" தாசையன் தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தான்.

"போகலை. ஆனா இன்னும் மூணு வாரம் படுக்கணும். தப்பு எங்க மேல."

மறுபடி கட்டிக்கொண்டே அருளப்பனிடம் சொன்னாள். "முதல்ல இளநீர் வழுக்கை மாதிரி ஒரு சவ்வுதான் வளரும். ரத்தத்துல வர்ற சுண்ணாம்பு அதுல பொடிப்பொடியா ஒட்டணும். ஆட்டினா ஒட்டாது."

அன்று முதல் தாசையனின் மூன்று வேளைச் சாப்பாட்டையும் அருளப்பனே படுக்கைக்குக் கொண்டு வந்து கொடுத்தார். கட்டுக்கு எண்ணெய் விட்டார். சில நாள் அவிழ்த்துப் பார்க்கக் கை கட்டின் முடிச்சு வரை போகும். உடனே எழுந்து வெளியே போய்விடுவார்.

மூன்று வாரம் கழித்துக் கட்டு அவிழ்ந்தது. முறிந்த இடத்தில் ஒரு புடைப்பு. கனகபாய் அழுத்தினாள். அசையவில்லை. தாசையன் ஒரு கையால் கம்பை ஊன்றி, மறு கையால் அருளப்பனின் தோளைப் பிடித்து எழுந்து நின்றான். அழுதான்.

அவன் மனைவி வந்து ஆட்டோவில் அழைத்துப் போன பிறகு அருளப்பன் கேட்டார்.

"இத்தனை நாள் பக்கத்துலயே இருந்தேன். முதல் சுண்ணாம்புப் பொடி என்னைக்கு ஒட்டிச்சும்மா?"

கனகபாய் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தாள்.

"நீங்க எழுந்து வெளியே போன ஒரு நாள்ல, அண்ணே."