வின்ச் கயிற்றின் பக்கத்தில்

மலையடிவாரத்தில் அமலோற்பவம் என்றொரு மெக்கானிக் இருந்தாள். வயது முப்பத்து நான்கு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு வின்ச் மாட்டுவதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கம் ஆள் கிடையாது. தலை நரைத்த டிரைவர்கள்கூட அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தவசிக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருஷமாக ஜீப் ஓட்டுகிறவர். போன மழையில், மலைப்பாதை வளைவுச் சேற்றில் அவர் ஜீப் பின்பக்கமாக வழுக்கி, ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கியது. உள்ளே பதினாலு பெண்கள். அதில் ஒருத்தி அவர் மகள் பூங்கனி. எப்படியோ எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வளைவு வந்தாலே தவசிக்கு உள்ளங்கை வேர்த்தது. அடுத்த சாரலுக்குள் தன் கையாலேயே வின்ச் மாட்டி, தன் கையாலேயே இழுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அமலோற்பவத்திடம் வந்து சேர்ந்தார்.

வின்ச் ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. ஜீப்பின் முன்னால் ஓர் உருளை, அதில் சுற்றிய எஃகுக் கயிறு, அதைச் சுழற்ற ஒரு மோட்டார். கயிற்றை எதிரே ஒரு மரத்தில் மாட்டிவிட்டு சுவிட்சை அழுத்தினால், ஜீப் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே வரும். சொன்னால் அவ்வளவுதான்.

வந்த முதல் வாரமே தவசி பம்பரில் இரண்டு போல்ட் போட்டு வின்ச்சை மாட்டிவிட்டார். முப்பது வருஷ அனுபவம் என்றால் சும்மாவா.

"எப்படி மேஸ்திரி?"

அவள் பட்டறை வாசலில் இருந்த வாகை மரத்தைக் காட்டினாள். "கட்டி இழுங்கண்ணே."

ஜீப் நகராமல் பிரேக்கைப் போட்டுக்கொண்டு இழுத்தார். கயிறு விறைத்தது.

"போதும். பூங்கனியக் கூப்பிட்டு இந்தக் கயித்துப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க."

தவசி பம்பரைப் பார்த்தார். ஒரு விரல் அகலத்துக்கு வளைந்து போயிருந்தது.

"வேணாம் மேஸ்திரி."

"அப்பக் கயித்தத் தளத்திட்டுக் கழட்டுங்க."

சுவிட்சை வயரோடு உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு ஒரு மாதம் போனது. பம்பர் அழகுக்குத்தான், இழுவையைத் தாங்க வேண்டியது அடிச்சட்டமான சேஸிஸ் என்று காட்டினாள். கனமான தகடு அடித்து, நாலு போல்ட் அதில் இறங்கின. ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டி, எந்த போல்ட் அரைச் சுற்று தளர்வு என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். தவசி முடுக்கிப் பார்ப்பார். சரியாக அரைச் சுற்று. மரத்தைச் சுற்ற அகலமான பட்டை, கைக்குத் தோல் உறை, உருளையில் எப்போதும் மிச்சமிருக்க வேண்டிய ஐந்து சுற்றுக் கயிறு என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தது. இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று தவசி டீக்கடையில் வாய்விட்டே சொன்னார். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுபடியும் வாகை மரம், மறுபடியும் இழுவை. கயிறு விறைத்தது. வின்ச் மயிரிழைகூட அசையவில்லை.

"இப்பப் பூங்கனிய நிக்கச் சொல்லலாமாண்ணே?"

தவசி நெஞ்சை நிமிர்த்தினார். "தாராளமா நிக்கலாம். மலையவே இழுக்கும் மேஸ்திரி."

அவள் மறுபடியும் சுவிட்சை உருவிப் பைக்குள் போட்டாள்.

தவசிக்கு முகம் சுண்டிவிட்டது. "எதுல குத்தம்?"

"குத்தம் இல்லண்ணே. நானே மாட்டியிருந்தாலும் இம்புட்டு நல்லா வந்திருக்காது."

"பெறகு?"

"டீ ஆறுது, குடிங்க."

இரண்டு நாள் அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சாரல் பிடித்துக்கொண்டது. கோபத்தை மடித்து வைத்துவிட்டு, அவளையும் அவள் பையையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பின்னால் பதினாலு பெண்கள்.

அதே வளைவில் ஜீப் அமிழ்ந்தது. பின்பக்கம் மெல்லப் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது.

எல்லோரையும் இறக்கினார். சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். மேலே இருந்த பலா மரத்தில் பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினார். கயிறு அறுந்தால் எகிறாமல் கீழே அமுக்க அதன் நடுவில் ஒரு கம்பளியைப் போட்டார். கண்ணாடிக்கு மறைப்பாக பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கயிற்றின் இரண்டு பக்கமும் பெண்கள் கை போட்டு நின்றார்கள். வருஷா வருஷம் தேர் இழுத்த கைகள். வடத்தைக் கண்டால் சும்மா இருக்காது. "நாங்களும் ஒரு கை குடுக்கறோம்ண்ணே" என்றாள் ஒருத்தி. எல்லாருக்கும் முன்னால் பூங்கனி.

தவசி கயிற்றுக்குக் குறுக்கே வந்தார்.

"கைய எடுங்கத்தா. எல்லாரும் மேல போங்க. அந்தப் பாறைக்கு அங்கிட்டு."

"மழ பெய்யுதுப்பா" என்றாள் பூங்கனி. "நீதான வின்ச்சு மலையவே இழுக்கும்ன?"

"இழுக்கும். நீ அங்கிட்டுப் போய் நில்லு."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஒருத்தி மட்டும் நகரவில்லை. கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு அமலோற்பவம் நின்றாள்.

"மேஸ்திரி, நீங்களுந்தான்."

"நம்ம சேந்து மாட்டுனதுதானண்ணே? ஒவ்வொரு போல்ட்டும் நான் தட்டிப் பாத்தது."

"ஆமா. போங்க."

அவள் பையிலிருந்து சுவிட்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பாறைக்கு அந்தப் பக்கம் போனாள்.

தவசி வயரை வின்ச்சில் செருகி, சீட்டில் ஏறி, ஜன்னல் வழியாகச் சுவிட்சை உள்ளே எடுத்து அழுத்தினார். கயிறு முனகியது. ஜீப் சேற்றை உதறிக்கொண்டு, சாணாகச் சாணாக மேலே வந்தது. எதுவும் அறுபடவில்லை, எதுவும் வளையவில்லை. பெண்கள் நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே, இதுக்குத்தானா எங்களை மழையில் விரட்டினே என்று அவரைக் கேலி செய்தார்கள். தவசி தோல் உறையை மாட்டிக்கொண்டு கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். அமலோற்பவம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேஸ்திரி, உங்க கையில கயிறு அறுந்திருக்கா?"

"மூணு தடவ."

தவசி நிமிர்ந்தார். அந்த மலையில் ஒரு ஜீப் பஞ்சரானால்கூட அரை மணியில் சேதி டீக்கடைக்கு வந்துவிடும்.

"முப்பது வருஷமா இங்கதான் இருக்கேன். ஒரு தடவகூட கேள்விப்படலையே?"

"எப்படிண்ணே கேள்விப்படுவீங்க? மூணு தடவையும் பக்கத்துல யாரும் நிக்கலையே."