மனத்துக்குத் தண்டால் எடுத்த மல்லன்

சின்னவர்களே, பெரியவர்களே, கொஞ்சம் காது கொடுங்கள். ஆறுகளுக்குக் கரை கட்டாத காலத்தில், வெண்குன்ற நாட்டில் செங்காடன் என்றொரு மல்லன் இருந்தான். பதினெட்டு வருடம் அவன் முதுகில் மண் ஒட்டியதில்லை.

ஒரு மழைக்காலத் திருவிழாவில் வேம்பன் என்ற இளைஞன் அவனோடு மோதினான். செங்காடன் விழுந்தான். முழங்கால் நொறுங்கியது.

"சதி! காலைத் திருகி ஒடித்துவிட்டான்!" என்று கத்தினான் செங்காடன். ஊர் நம்பியது. அரசனும் பாதி நம்பினான். 'வஞ்சத்தால் வீழ்ந்த வீரன்' என்று பட்டாடை போர்த்தி, வீட்டுக்கு நெல் அனுப்பினான்.

சோற்றுக்குக் குறைவில்லை. நிம்மதிதான் இல்லை. முதல் மாதம் பானையை உடைத்தான். இரண்டாம் மாதம் பார்க்க வந்த நண்பர்களை விரட்டினான். மூன்றாம் மாதம் மனைவி வடிவாளையே ஏசினான்.

தறியில் நெய்துகொண்டிருந்த வடிவாள் கையை நிறுத்தினாள்.

"உடம்புக்குத் தினமும் ஆயிரம் தண்டால் எடுத்தீர்களே, மனசுக்கு என்றைக்காவது ஒன்று எடுத்தீர்களா? ஒடிந்தது கால்தானே? மனசையும் ஏன் கட்டிலில் கிடத்தியிருக்கிறீர்கள்?"

அவனுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் விடிந்ததும் தனக்கு மூன்று பயிற்சிகள் வகுத்துக்கொண்டான். கோபம் வந்தால் பத்து மூச்சு விட்ட பிறகே பேசுவது. யார் பேசினாலும் கடைசி வரை கேட்பது. மாலையில் அன்று நடந்ததை, கூட்டாமல் குறைக்காமல் நடந்தபடியே நினைத்துப் பார்ப்பது.

ஆயிரம் தண்டால் இதைவிடச் சுலபம்! முதல் நாள் மூன்றிலும் தோற்றான். மறுநாளும் தோற்றான். ஆனாலும் விடவில்லை. போன நண்பர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வடிவாளிடம் நெசவு கற்றான். வெகுநாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஐந்தாம் வருடம் ஒரு மாலை, நினைத்துப் பார்க்கையில் அந்தப் பழைய போட்டி கண்முன் வந்தது. ஈர மண் தெரிந்தது. வழுக்கிய தன் குதிகால் தெரிந்தது. வேம்பன் கை தன் காலைத் தொடவே இல்லை.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வான்?

சில நாளில் அவனைச் சாட்சி சொல்ல அழைத்து அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. அந்த வருடப் போட்டியில் வேம்பனோடு மோதிய அயல்நாட்டு மல்லன் ஒருவன் களத்திலேயே இறந்துபோயிருந்தான். வேம்பன் வஞ்சகமாகக் கழுத்தை நெரித்துக் கொன்றதாக வழக்கு.

சபையில் வேம்பன் விலங்கோடு நின்றான். அரசன் கேட்டான்: "செங்காடா, உன் காலையும் இவன் வஞ்சகமாகத்தானே ஒடித்தான்? ஆமென்று சொல். இவன் தலை உருளும்."

'ஆமென்று சொல். ஊர் உன்னை வீரன் என்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாதே' என்றது பழைய மனம். செங்காடன் ஒரு மூச்சு விட்டான். இன்னொன்று விட்டான். பத்தும் விட்டான்.

"இல்லை அரசே. என் கால்தான் வழுக்கியது. தோற்றதைத் தாங்க முடியாமல் பழியை இவன்மேல் போட்டேன். அந்தப் பொய்யை நானே நம்பியும்விட்டேன்."

சபை கொதித்தது. "பொய்யன்!" என்றார்கள். அரசன் பட்டாடையைத் திரும்ப வாங்கினான், நெல்லையும் நிறுத்தினான். ஆனால் தீர்ப்பை நிறுத்திவைத்து, வைத்தியர்களைக் கொண்டு தீர விசாரித்தான். இறந்தவன் கடும் காய்ச்சலை மறைத்துக்கொண்டு களம் இறங்கியது தெரியவந்தது. வேம்பனின் விலங்கு கழன்றது.

வேம்பன் நேரே செங்காடன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்னால் உனக்கு ஐந்து வருடம் கெட்ட பெயர்" என்றான் செங்காடன்.

"இன்றைக்கு உயிர் கொடுத்தீர்களே, அண்ணா" என்றான் வேம்பன். வடிவாள் இரண்டு இலை போட்டாள்.

அடுத்த திருவிழாவுக்கு நடுவர் தேவைப்பட்டார். "தனக்கு எதிராகவே உண்மை சொன்னவன் ஒருவன் இருக்கிறானே!" என்றான் அரசன். செங்காடன் கோலூன்றிக் களத்துக்கு வந்தான். அவன் சொன்ன தீர்ப்பை, தோற்றவனும் தலைவணங்கி ஏற்றான்.

நாளும் பயிற்சி கொடுத்து மனத்தைப் பண்படுத்துகிறவனே, சோதனை வரும்போது தன்னையும் வென்று நிறைவாக வாழ்வான்.